வேதாளை, இரண்டாம் சனிக்கிழமை

பரமக்குடி மின்வாரிய அலுவலகம்,
பதினோரு பேர், ஒரு வேன்,
இரண்டு தூக்குவாளியில் புளிச்சோறு.
போகலூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை.
இரட்டைக் கட்டணம்.
பாம்பன் பாலம் பார்க்கிற ஆசையில்
நம்புராஜன் சார் அதையும் பொறுத்துக்கொண்டார்.

"இந்த இடத்துலதான்" என்றார் சீனி நூர்தீன்,
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி.
"கப்பல்ல வந்தவன் அகழி வெட்டி
ராமேஸ்வரம் போறவுககிட்ட காசு கேட்டானாம்.
மதுரையிலேர்ந்து படை வந்து
வெட்டுன அகழியிலேயே போட்டு மூடுச்சாம்.
எங்க வாப்பா சொல்வாக.
எந்த வருசம்னு அவுகளுக்கும் தெரியாது."
அப்பவே டோல்கேட்டா என்று
வேன் முழுக்கச் சிரித்தோம். நானும்தான்.

இறங்கினால் கடல்.
பச்சை என்றால் பச்சை இல்லை,
கண்ணாடி வளையலை வெயிலுக்கு நேரே பிடித்த மாதிரி.
உப்புத்தரையில் உமரி சிவந்து கிடந்தது.
ரத்தம் என்று எழுதிவிடலாம்.
உமரி முற்றினால் சிவக்கும். அவ்வளவுதான்.

ஒரு பள்ளம் இருந்தது.
அகழியாக இருக்கலாம்,
போன வருடம் ஜேசிபி தோண்டியதாகவும் இருக்கலாம்.
தேங்கிய தண்ணீரில் உள்ளான்கள் கொத்திக்கொண்டிருந்தன.
கரையில் அடம்பங்கொடி,
ஆட்டுக்குளம்பு இலைகளோடு
பாதி புதைந்த வலை ஒன்றின் மேல் ஏறிப் பூத்திருந்தது.

போருக்குப் போகிறவர்கள் தும்பை சூடுவார்கள் என்று
பத்தாம் வகுப்பில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
தேடினேன். உப்பில் வராது போல.
பேருந்து நிழற்குடைக்குப் பின்னால்,
டீக்கடைக் கழுவுதண்ணீர் ஓடுகிற இடத்தில்
ஒரு செடி. நாலு பூ.

அவர் கடைசியாக அனுப்பிய படத்தில் ஆள் இல்லை.
பனி. அதற்கு மேல் ஒரு நீலம்.
ஓரத்தில், தெரியாமல் விழுந்த
கையுறைப் பெருவிரல்.
"எடம் அவ்வளவு அழகு ராக்கு,
நீ பாத்தா குளிரையே மறந்துருவ."
பதினேழு நாள் கழித்து
அந்த இடத்தின் பெயரைச் செய்தியில் வாசித்தார்கள்,
உச்சரிப்பைத் தப்பாக.

இப்போது அங்கே சுற்றுலா விடுகிறார்கள்.
நம்புராஜன் சார் மகன் புல்லட்டில் போய் வந்து
அலுவலகத்துக்கே வந்து படம் காட்டினான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
பிறகு ஃபேனைப் பார்த்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது.
நான் சொல்லவில்லை.

ஒரு இடத்தைப் பார்த்து
அழகு என்று கூசாமல் சொல்ல
எத்தனை வருடம் ஆக வேண்டும்?
இந்தக் கரையில் விழுந்தவனுக்கும்
எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி,
அடுப்பில் எதையோ வைத்துவிட்டு
வாசலுக்கு வந்திருப்பாள்.
அவளுக்காக அழுதவர்களுக்கு அழுதவர்களும்
ஒருவர் பாக்கியில்லாமல் போன பிறகுதான்
இந்தப் பூநாரைகள் வந்து இறங்கினவா?

இல்லை.
அன்றைக்கும் வந்திருக்கும்.
சத்தம் கேட்டு எழும்பி
முயல்தீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்
அடங்கியதும் இதே சேற்றில் கால் ஊன்றி
தலையைக் கவிழ்த்து
மேய ஆரம்பித்திருக்கும்.
வெட்டுப்பட்டவன் கண் மூடுமுன் கடைசியாக
அந்த இளஞ்சிவப்பைப் பார்த்திருக்கவும் கூடும்.

அப்படியென்றால்
என்னைத் தேற்றுவதற்காக அவர் எழுதவில்லை.
அழகாக இருந்தது, எழுதினார்.
இதை நினைக்க எனக்கு
ஒன்பது வருடமும் ஒரு வேனும் தேவைப்பட்டிருக்கிறது.

"ராக்கம்மா, சோறு ஆறுது" என்றார்கள்.
"இங்க எவ்வளவு அழகா இருக்குல்ல" என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வந்தது.

கிளம்பும்போது ஒரு பையன்,
கையில் ரசீதுப் புத்தகம்.
வேனுக்கு அறுபது.
"எதுக்குடா?"
"நிறுத்துனதுக்கு."
சீனி நூர்தீன் பேசிப் பேசி நாற்பதில் முடித்தார்.
மதுரையிலிருந்து
படை எதுவும் புறப்பட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு ஜன்னலோரம் விட்டார்கள்,
நாரைப் பக்கம்.